8.5 டன் ஏசி ரெண்டுக்கு 4 ஸ்கொயர் ஒயரும் 63 ஆம்ஸ் எம்சிபியும் போதுமா?

அண்ணே, நீங்க கேட்டத முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். கோவில்பட்டில 2000 சதுரடி ஜவுளிக்கடை, 8.5 டன் டக்டபிள் ஏசி (டக்ட் வழியா கடை பூரா காத்து விடுற வகை) ரெண்டு வாங்கியாச்சு, அவுட்டோர் ரெண்டும் மொட்டமாடில, கடைசி டிபில (எம்சிபி எல்லாம் இருக்க பெட்டி) இருந்து மாடிக்கு கேபிள் போற வழி சுமார் 45 மீட்டர். உங்க எலக்ட்ரீஷியன் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் போதும்ங்கிறார், ஏசிக்காரங்க 6 வேணும்ங்கிறாங்க, 63 ஆம்ஸ் எம்சிபி (அளவுக்கு மேல கரண்ட் போனா தானா விழுற சுவிட்ச்) போட்டுட்டா ட்ரிப் தொல்லையே இருக்காதுன்னும் அவரே சொல்றார், லோடு பத்தலன்னா ஒரு ஏசிய மட்டும் மாடி வீட்டு சர்வீஸ்ல இருந்து எடுத்துக்கலாம்னும் சொல்லிருக்கார். இதுல யார் சொல்றது சரி, இதான கேள்வி.

6 தான் சரி. 63 ஆம்ஸ் கூடவே கூடாது. வீட்டு சர்வீஸ் பேச்ச இன்னைக்கே விட்டுடுங்க. ஆனா ஒண்ணு, நீங்க எல்லாரும் ஒயர் சைஸ்ல சண்ட போட்டுக்கிட்டு இருக்கீங்க, நான் இந்த வேலைல இருக்க இத்தன வருஷத்துல கருகிப்போன ஏசி லைன் எத்தனையோ பாத்துட்டேன், கேபிள் நடுவுல எரிஞ்சது ரொம்பக் கம்மி. எரியறது எல்லாம் முனைல. லக்குல (ஒயர் முனைல மாட்டுற உலோகத் தொப்பி), எம்சிபி வாய்ல, ஐசொலேட்டர் (லைன கையால துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள, நியூட்ரல் லிங்க்ல. அதனால சைஸ் கணக்க சீக்கிரம் முடிச்சுட்டு அங்க வரேன்.

கணக்கு இப்படித்தான். டக்டபிள் ஏசில டன்னுக்கு 1.1ல இருந்து 1.2 கிலோவாட் கரண்ட் இழுக்கும்னு வச்சுக்கங்க, இண்டோர் புளோயரும் சேத்து. 8.5 டன்னுக்கு 10 கிலோவாட் பக்கம் வரும். மூணு ஃபேஸ்ல 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.85ன்னு எடுத்தா, 10,000ஐ 1.732, 415, 0.85 மூணையும் பெருக்கி வர்ற 611ஆல வகுக்கணும், 16 ஆம்ஸ் சொச்சம் வரும். இது சாதாரண நாள் கணக்கு. சித்திரை வெயில்ல மதியம் 2 மணிக்கு மொட்டமாடி தரை கொதிக்கும்போது கண்டென்சர் பிரஷர் ஏறும், ஆம்ஸும் ஏறும், ஈபி வோல்டேஜ் அப்பத்தான் இறங்கும், அதுக்கும் சேத்து இன்னும் ஏறும். அதனால 20, 22 ஆம்ஸுக்கு தயாரா இருக்கணும். மெஷின் நேம்பிளேட்ல மேக்ஸிமம் கரண்ட்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, கடைசில நம்ம கணக்கு இல்ல, அதுதான் வேதம்.

இப்ப 4 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்ட் (இரும்பு உறை போட்ட) கேபிள் காத்தோட்டமா போச்சுன்னா 30 ஆம்ஸ் பக்கம் தாங்கும், 6 ஸ்கொயர் 40 பக்கம். பேப்பர்ல பாத்தா 22 ஆம்ஸுக்கு 4 போதும்னுதான தோணும், உங்க ஆள் அதைத்தான் பாத்திருக்கார். ஆனா அந்த டேபிள் 40 டிகிரி சூட்டுக்கு எழுதினது. மொட்டமாடில வெயில்ல கெடக்குற பைப்புக்குள்ள 50 டிகிரி சாதாரணம், அங்க பிவிசி கேபிளோட தாங்குற சக்தில சுமார் 20 சதவீதம் போயிடும். 30ங்கிறது 24 ஆகும், 40ங்கிறது 32 ஆகும். 24 ஆம்ஸ் தாங்குற கேபிள்ல 22 ஆம்ஸ் ஓட்டறது ஆபத்துன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கு மேல 25 ஆம்ஸ் எம்சிபிதான் போட முடியும், அது வெயில் நேரத்துல டிபி பாக்ஸ் சூட்டுல அப்பப்ப விழும், விழுந்தா உங்க ஆள் என்ன பண்ணுவார்னு ரெண்டு பேருக்கும் தெரியும், 63ஐ மாட்டுவார். அதான் 6 போடச் சொல்றேன், 6ஓட 32 ஆம்ஸ் எம்சிபி, ஒவ்வொரு ஏசிக்கும் தனித்தனியா.

வோல்டேஜ் டிராப் பத்தி ஏசிக்காரங்க பயமுறுத்திருப்பாங்க. 45 மீட்டருக்கு 22 ஆம்ஸ்ல 6 ஸ்கொயர்ல 6 வோல்ட் பக்கம் விழும், 4ல 9 வோல்ட் பக்கம். 415ல இது ரெண்டுமே பெருசில்ல. நேர்மையா சொல்லணும்னா உங்க கேஸ்ல டிராப் ஒரு காரணமே இல்ல, சூடுதான் காரணம்.

அந்த 63 ஆம்ஸ் விஷயத்துக்கு வரேன், இதுதான் எனக்கு ஆத்திரம் வர்ற இடம். எம்சிபி ஏசியக் காப்பாத்த இல்லண்ணே, கேபிளக் காப்பாத்த. எம்சிபில 63ன்னு போட்டிருந்தா 64 ஆம்ஸ்ல விழுந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது போட்டிருக்கிற அளவுல 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் அசையாம நிக்கணும்னுதான் ஸ்டாண்டர்டே சொல்லுது, 1.45 மடங்கு போனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தே ஆகணும். 63க்கு கணக்கு போட்டா 71 ஆம்ஸ் வரைக்கும் அது பாட்டுக்கு கம்முனு இருக்கும், 91 ஆம்ஸ்க்கு ஒரு மணி நேரம் டைம் எடுத்துக்கும். 24 ஆம்ஸ் தாங்குற ஒயர்ல 70 ஆம்ஸ் ஒரு மணி நேரம் போனா என்ன ஆகும், அதுவும் ஃபால்ஸ் சீலிங் மேல, கீழ பூரா துணி. இதுக்கு மேல நான் சொல்லணுமா.

சரி, அப்ப ஏன் எல்லாரும் பெரிய எம்சிபி மாட்டுறாங்கன்னா, ஏசி ஸ்டார்ட் ஆகும்போது விழுதுன்னு. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடிக்குள்ள ஓடுற ஆம்ஸ்ல ஆறேழு மடங்கு இழுக்கும், நேம்பிளேட்ல எல்ஆர்ஏன்னு போட்டிருக்கும் பாருங்க, இந்த சைஸ்ல ஒரே கம்ப்ரஸரா இருந்தா 100 ஆம்ஸ் பக்கம். இதுக்கு மருந்து பெரிய எம்சிபி இல்ல, சரியான கர்வ், அதாவது எத்தன மடங்கு ஆம்ஸ்ல டக்குனு விழணும்ங்கிற வகை. பி கர்வ் எம்சிபி அது போட்ட அளவுல 3ல இருந்து 5 மடங்குலயே டக்குனு விழும், 32க்கு 96 ஆம்ஸ்லயே விழ ஆரம்பிக்கும், ஏசி ஸ்டார்ட்டிங்க தாங்காது. சி கர்வ் 5ல இருந்து 10 மடங்கு, அதாவது 160 ஆம்ஸுக்குக் கீழ டக்குனு விழாது, 100 ஆம்ஸ் ஸ்டார்ட்டிங் சுகமா தாண்டிடும். கடைல போய் 32 ஆம்ஸ் எம்சிபி குடுங்கன்னா சும்மா கையில கெடக்கறத எடுத்துக் குடுப்பாங்க, மேல சி32ன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. சி கர்வ் போட்டும் விழுதுன்னா எம்சிபி மேல பழி போடாம டாங் டெஸ்டர் (ஒயரக் கவ்வி ஆம்ஸ் பாக்குற மீட்டர்) எடுத்து மூணு ஃபேஸையும் பாக்கச் சொல்லுங்க, அங்க ஏதோ உண்மையாவே தப்பு இருக்கு.

மெயினுக்கு: ரெண்டு ஏசியும் 44 ஆம்ஸ், லைட்டு ஃபேன் பில்லிங் எல்லாம் சேத்து 6 கிலோவாட்னா ஃபேஸுக்கு 9 ஆம்ஸ், மொத்தம் 53. இங்கதான் அந்த 63க்கு இடம் இருக்கு, நாலு போல் எம்சிசிபியா (எம்சிபியோட பெரிய அண்ணன்), மீட்டருக்கு அடுத்து. அதுக்கு 16 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்ட், இல்ல அலுமினியம்னா 35. அலுமினியம்னு சொன்னதும் மூஞ்ச சுளிக்காதீங்க, மெயின் லைனுக்கு அலுமினியம் நல்லாவே ஓடும், முனைய ஒழுங்கா பண்ணினா.

இப்ப முனை.

ஒரு லூஸ் காண்டாக்ட் என்ன பண்ணும்னு ஒரு சின்ன கணக்கு. இணைப்புல வெறும் 0.1 ஓம் கூடிப்போச்சுன்னு வைங்க, 20 ஆம்ஸ் போகுது, 20ஐ 20ஆல பெருக்கி 0.1ஆல பெருக்கினா 40 வாட். ரேடியோ ரிப்பேர் கடைல ஈயம் உருக்குற சால்டரிங் ஐயன் 25 வாட். அதவிட சூடான ஒரு ஐயன ஒரு பிளாஸ்டிக் எம்சிபி வாய்க்குள்ள சொருகி காலைல 9 மணில இருந்து ராத்திரி 9 மணி வரைக்கும் வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். இது எம்சிபிக்குத் தெரியாது, ஏன்னா ஆம்ஸ் 20தான, கூடவே இல்லையே. கரண்ட் கசிஞ்சா விழுற ஆர்சிசிபிக்கும் தெரியாது, லீக்கேஜ் இல்லையே. இந்த ரெண்டும் புடிக்காத கோளாறு இது, அதனாலதான் இதுக்கு நான் இவ்வளவு அழறேன்.

லக் போடாம ஒயர முறுக்கி அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில மாட்டுறது, 6 ஸ்கொயர் ஒயருக்கு 10 ஸ்கொயர் லக்க மாட்டி பிளையர் வச்சு நசுக்குறது, மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர்ல லக்குக்குள்ள போகலன்னு நாலு இழைய வெட்டி விடுறது, இதெல்லாம் நான் தினம் பாக்குறது. உங்க ஆள்கிட்ட லக்க ஒயரோட அழுத்திப் பிடிக்க வைக்கிற கிரிம்பிங் டூல் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ஒரு நாள் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்க. கிரிம்ப் பண்ணின லக்க கையால நல்லா இழுத்துப் பாக்கணும், வந்துடுச்சுன்னா அது லக்கே இல்ல. அலுமினியம் கேபிள காப்பர் டெர்மினல்ல மாட்டும்போது சாதா லக் போட்டா ஈரம் பட்டு ரெண்டு உலோகமும் ஒண்ண ஒண்ணு அரிக்கும், பைமெட்டல் லக்னே தனியா விக்கிது, அதப் போடணும். போட்டதுக்கப்புறம் ஒரு மாசம் ஏசி ஓடி சூடாகி ஆறி சூடாகி ஆறி, ஸ்க்ரூ எல்லாம் கொஞ்சம் நெகிழும், அதனால ஒரு மாசம் கழிச்சு மெயின ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சு கரண்ட் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு, எல்லா டெர்மினலையும் ஒண்ணு விடாம இன்னொரு தடவ இறுக்கிப் பாக்கணும். இத யாரும் செய்யறதில்ல. காசு வாங்கிட்டு போனவர் ஒரு மாசம் கழிச்சு சும்மா வருவாரா, இப்பவே பேசி வச்சுக்கங்க, ஒரு சின்ன தொகைய அதுக்குன்னு நிறுத்தி வச்சாலும் தப்பில்ல.

முனைலயே மோசமான முனை நியூட்ரல். கம்ப்ரஸருக்கு நியூட்ரல் வேணாம், மூணு ஃபேஸே போதும், ஆனா கண்ட்ரோல் சர்க்யூட்டும் காண்டாக்டர் காயிலும் 230 வோல்ட்ல ஓடுற மாடல் நிறைய, அதுக்கு நியூட்ரல் வேணும். உங்க கடை லைட்டு, கம்ப்யூட்டர், கேமரா எல்லாத்துக்கும் அதே நியூட்ரல்தான். மெயின்ல அந்த நியூட்ரல் கழண்டா என்ன ஆகும்னா, ஆர் ஃபேஸ்ல இருக்க லைட்டும் ஒய் ஃபேஸ்ல இருக்க கம்ப்யூட்டரும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா 415 வோல்ட்ட பங்கு போட்டுக்கும், எது லோடு கம்மியோ அதுக்கு வோல்ட் ஜாஸ்தி போகும். ஒரு ஹோட்டல்ல இப்படி ஆகி நான் ராத்திரி 10 மணிக்கு போனேன், ஒரு பக்கம் லைட்டெல்லாம் மங்கி மெழுகுவத்தி மாதிரி, இன்னொரு பக்கம் கண்ணு கூசுற வெளிச்சம், நான் மெயினுக்குப் போறதுக்குள்ள பில்லிங் கம்ப்யூட்டர், டிவி, ரெண்டு ஏசி போர்டு, எல்லாம் புகைஞ்சு போச்சு. தப்பு எங்கன்னா சேஞ்ச் ஓவர் சுவிட்ச்ல நியூட்ரல் லக் நெகிழ்ந்து பொடிப்பொடியா கருகி இருந்துச்சு. கடைல எப்பவாச்சும் சில லைட்டு மங்கி சில லைட்டு பிரகாசமானா யோசிக்காம மெயின எறக்குங்க, அப்புறம் யாருக்கு வேணா போன் பண்ணுங்க. நியூட்ரல்ல ஃபியூஸ் போடுற பழக்கம் பழைய கட்டடத்துல இன்னும் இருக்கு, உங்க கடையில இருந்தா எடுத்துட்டு லிங்க் போடச் சொல்லுங்க.

அடுத்தது ஃபேஸ். உங்க ஏசில இருக்கறது பெரும்பாலும் ஸ்க்ரோல் கம்ப்ரஸர். மூணு ஃபேஸ் ஸ்க்ரோல் ஒரு பக்கமாத்தான் சுத்தணும், ஆர் ஒய் பிங்கிற மூணு ஃபேஸோட வரிசை மாறிப்போச்சுன்னா திருப்பி சுத்தும், கரகரன்னு ஒரு அசிங்கமான சத்தம் வரும், பிரஷர் ஏறாது, கூலிங் இருக்காது, அப்படியே விட்டா கம்ப்ரஸர் காலி. மாட்டும்போது சரியா மாட்டிட்டாலும் வெளிய டிரான்ஸ்ஃபார்மர்ல வேல பாத்துட்டு லைன்மேன் ரெண்டு ஃபேஸ மாத்திக் கட்டிட்டுப் போனா அன்னைக்கே உங்க ஏசி திருப்பி சுத்தும். ஜெனரேட்டர்லயும் இதே கதை. ஒரு ஷோரூம்ல ஈபில ஏசி நல்லா ஓடும், ஜெனரேட்டர் போட்டா சத்தம் போடும், ஜெனரேட்டர் வோல்டேஜ் சரியில்லன்னு ஆறு மாசமா ஜெனரேட்டர்காரரத் திட்டிக்கிட்டு இருந்தாங்க, போய்ப் பாத்தா ஜெனரேட்டர் கேபிள்ல ரெண்டு ஒயர் இடம் மாறிக் கெடக்கு. பத்து நிமிஷ வேல. அதுக்குள்ள ஒரு கம்ப்ரஸர் போயிடுச்சு.

இதுக்குத்தான் ஃபேஸ் சீக்வென்ஸும் (வரிசை) சிங்கிள் ஃபேஸிங்கும் (ஒரு ஃபேஸ் போறது) பாக்குற ரிலே ஒண்ணு, நம்மாளுங்க எஸ்பிபின்னு சொல்வாங்க, அத ஒவ்வொரு அவுட்டோருக்கும் போடணும். சில மாடல்ல கம்பெனியே உள்ள வச்சுக் குடுத்துடுது, இருக்கான்னு பாருங்க, இல்லன்னா போடுங்க, கம்ப்ரஸர் விலைல அது ஒரு துண்டு காசு. நம்ம ஊர்ல ஒரு ஃபேஸ் போறது எத்தன தடவ நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும், மீதி ரெண்டு ஃபேஸ்ல மோட்டார் முக்கிக்கிட்டே ஓடி வைண்டிங் கருகறதுக்கு ரொம்ப நேரம் வேண்டாம். ரிலேய மாட்டிட்டு, அது லைட்டு எரிஞ்சா போதும்னு விட்டுடாதீங்க, அதோட காண்டாக்ட் உண்மையாவே கண்ட்ரோல் லைன்ல போகுதான்னு ஒரு ஃபேஸ கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டி வச்சு பைபாஸ் பண்ணின ரிலே நான் நிறைய பாத்திருக்கேன், கேட்டா அடிக்கடி கட் ஆகுது சார்ம்பாங்க. அது கட் ஆகறதுக்குத்தானப்பா அங்க உக்காந்திருக்கு.

உங்க கடைக்கே இன்னொரு விஷயம். பழைய லைட்டெல்லாம் ஆர் ஃபேஸ்லயே போட்டிருக்குன்னு எழுதிருக்கீங்க. அது இப்ப வரைக்கும் யாரையும் தொந்தரவு பண்ணல, ஏசி வந்ததுக்கப்புறம் பண்ணும். ஒரு ஃபேஸ்ல மட்டும் லோடு குவிஞ்சா அந்த ஃபேஸ் வோல்டேஜ் இறங்கும். லைன் டு லைன் 400, 415, 415ன்னு வருதுன்னு வைங்க, சராசரி 410, அதுல இருந்து அதிகமா விலகினது 10, அதாவது 2.4 சதவீதம். கேக்க சின்னதா இருக்கு, ஆனா மோட்டார்ல வோல்டேஜ் வித்தியாசம் 1 சதவீதம்னா கரண்ட் வித்தியாசம் அதவிட ஆறுல இருந்து பத்து மடங்கு வரும், ஒரு வைண்டிங் மட்டும் தேவையில்லாம சூடாகும். கம்ப்ரஸருக்கு 2 சதவீதத்துக்கு மேல போகாம வச்சுக்கறது நல்லது. இந்த வேலையோட சேத்து லைட்டயெல்லாம் மூணு ஃபேஸுக்கும் பிரிச்சு விடச் சொல்லுங்க, டிபில நாலு ஒயர் மாத்துற வேலைதான்.

வீட்டு சர்வீஸ்ல இருந்து ஒரு ஏசி எடுக்கறது ஏன் கூடாதுன்னா, முதல் காரணம் சட்டம். வீட்டு டாரிஃப்ல வர்ற கரண்ட்ட கடைக்குப் பயன்படுத்தினா மின்சாரச் சட்டம் 2003, 126ஆவது பிரிவுல அனுமதியில்லாத பயன்பாடுன்னு வரும், எப்ப இருந்து ஓட்டினீங்கன்னு கண்டுபிடிக்க முடியலன்னா 12 மாசத்துக்குக் கணக்கு போட்டு, கடைக்கான டாரிஃப்ல ரெண்டு மடங்கு கட்டச் சொல்வாங்க. ரெண்டாவது காரணம் உயிர். ஒரே கடைக்குள்ள ரெண்டு சர்வீஸ் வந்தா, கடை மெயின எறக்கிட்டு கரண்ட் இல்லன்னு நம்பி சீலிங்குக்குள்ள கைய விடுற பையனுக்கு மாடி வீட்டு கரண்ட் அடிக்கும். அது வேண்டாம்ணே. கூடுதல் லோடுக்கு ஈபில விண்ணப்பம் போடுங்க, இப்ப ஈபில வாங்கியிருக்க லோடு 10 கிலோவாட்னா, ரெண்டு ஏசிக்கு 20, மத்ததுக்கு 6, இனிமே 26 பக்கம் வேணும். மீட்டர், சர்வீஸ் ஒயர் எல்லாம் மாத்த வேண்டி வரும், உங்க ஏரியா டிரான்ஸ்ஃபார்மர்ல இடம் இல்லன்னா நாள் இழுக்கும், அதனால டக்ட் வேல முடியட்டும்னு காத்திருக்காம இப்பவே போட்டுடுங்க. ஒயரிங் முடிச்சதுக்கு லைசென்ஸ் இருக்க கான்ட்ராக்டர் கையெழுத்து வேணும், உங்க ஆளுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க.

எர்த்திங். மூணு ஃபேஸ் மோட்டார் உள்ள மெஷினுக்கு ரெண்டு தனித்தனி எர்த் லைன் வேணும்கிறது விதி, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இருக்கணும்னு. 6 ஸ்கொயர் ஃபேஸ்னா எர்த்தும் 6 ஸ்கொயருக்குக் குறையாம இருக்கணும். ஆர்மர்ட் கேபிளோட இரும்பு உறையையே எர்த்தா வச்சுக்கலாம்னு சொல்வாங்க, கிளாண்ட் (கேபிள் உறைய பாக்ஸோட இறுக்கிப் பிடிக்கிறது) போட்டு ரெண்டு முனையும் ஒழுங்கா கட்டினா அது கூடுதல் பாதுகாப்பு, அதையே ஒரே எர்த்தா நம்பாதீங்க. கரிசல் மண்ணு மழைல பிடிச்சுக்கும், கோடைல பாளம் பாளமா வெடிச்சு எர்த் ராட விட்டு விலகி நிக்கும், அதனால உங்க ஊர்ல எர்த் பிட்டுக்கு கோடைல தண்ணி ஊத்துற பழக்கம் வச்சுக்கங்க, எர்த் ரெசிஸ்டன்ஸ டெஸ்ட் பண்றதா இருந்தா மே மாசத்துல பண்ணுங்க, ஐப்பசில பண்ணினா எல்லா எர்த்தும் பாஸ்தான்.

ஆர்சிசிபி ஏசி லைனுக்கு 100 மில்லி ஆம்ஸ் போடுங்க, பிளக் பாயிண்டுக்கு 30. எல்லாத்தையும் ஒரே 30க்குக் கீழ கட்டினா மழை நாள்ல கடையே இருட்டாயிடும், அப்புறம் யாராச்சும் ஆர்சிசிபியவே கழட்டிடுவாங்க.

மாடில ஒவ்வொரு அவுட்டோர் பக்கத்துலயும் கைக்கு எட்டுற தூரத்துல பூட்டு போடுற மாதிரி ஒரு ஐசொலேட்டர், தண்ணி போகாத பாக்ஸுக்குள்ள. சர்வீஸ் பண்ற பையன் கண்டென்சர் ஃபேன்ல கைய வச்சிருக்கும்போது கீழ யாரோ புழுங்குதுன்னு எம்சிபியப் போட்டுட்டா என்ன ஆகும்னு யோசிங்க. கேபிள் பாக்ஸுக்குள்ள போறது எப்பவும் கீழ்ப்பக்கமா இருக்கணும், மேல ஓட்ட போட்டா முத மழைக்கே தண்ணி கேபிளப் புடிச்சுக்கிட்டு உள்ள இறங்கும். எலி, அணில் பத்தி சொல்லவே வேணாம், ஆர்மர்ட் கேபிள் போடச் சொல்றதுக்கு அது பாதி காரணம்.

இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவுல போற கண்ட்ரோல் ஒயர்ல ஒரு இன்டர்லாக் இருக்கணும், புளோயர் ஓடாம கம்ப்ரஸர் ஓடக்கூடாது. புளோயர் நின்னு கம்ப்ரஸர் மட்டும் ஓடினா காயில் ஐஸ் கட்டி, திரவமாவே கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பி வந்து அத உடைச்சுடும். பவர் போய் வந்தா ரெண்டு ஏசியும் ஒரே நேரத்துல கிளம்பாம இருக்க ஒண்ணுக்கு 3 நிமிஷம், இன்னொண்ணுக்கு 5 நிமிஷம்னு டைமர் வச்சுடுங்க. ஜெனரேட்டர் வாங்குற யோசனை இருந்தா இது இன்னும் முக்கியம், 40 கேவிஏல ஒரு ஏசியும் லைட்டும் ஓட்டலாம், ரெண்டையும் ஓட்டணும்னா 62.5 பாருங்க, அதுவும் ஒண்ணொண்ணா கிளப்பினாத்தான்.

ஓட்டுற அன்னைக்கு நீங்க பக்கத்துல நில்லுங்க. கேபிள மெஷின்ல மாட்றதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) வச்சு பாக்கணும், 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா மாட்டவே கூடாது, புது கேபிள்னா அதவிட பல மடங்கு காட்டணும். கேஸ் லைன்ல காத்த உறிஞ்சி வேக்கம் போட்டிருக்கும்போது கம்ப்ரஸருக்கு கரண்ட் குடுக்கறதோ மெக்கர் அடிக்கறதோ கூடாது, உள்ள டெர்மினல்லயே ஸ்பார்க் அடிச்சு வைண்டிங் போயிடும், அவசரக்காரங்க சும்மா ஒரு செகண்டு சுத்திப் பாப்போம்னு பண்ற வேல அது. கிராங்க்கேஸ் ஹீட்டர் இருக்க மாடல்னா முத நாளே பவர் குடுத்து 12ல இருந்து 24 மணி நேரம் சூடாக விட்டு அப்புறம் ஓட்டணும், கம்ப்ரஸர் அடில சுத்தி பெல்ட் மாதிரி இருக்கும் பாருங்க. அந்த ஹீட்டர் ராத்திரியும் சூடாவே இருக்கணும், அதனால கடை சாத்தும்போது ஏசி மெயின எறக்காதீங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணுங்க போதும். கடைக்காரங்க எல்லாரும் மெயின எறக்கிட்டுத்தான் போறாங்க, பாதுகாப்புன்னு நினைச்சு. அதுக்குத்தான் ஏசிக்குத் தனி ஃபீடர், மத்தத எறக்கிக்கங்க.

இன்வெர்ட்டர் மாடலோ விஆர்எஃப்போ (ஒரு அவுட்டோர்ல பல இண்டோர் ஓடுற வகை) வாங்கியிருந்தா ஸ்டார்ட்டிங் ஆம்ஸ் தொல்லை இருக்காது, ஆனா அதுல கம்யூனிகேஷன் ஒயர் ஒண்ணு வரும், ஷீல்டு போட்ட ரெண்டு கோர், அத பவர் கேபிளோட ஒரே பைப்ல போட்டா எரர் வந்துக்கிட்டே இருக்கும். உங்களோடது சாதா மாடல்னு நினைக்கிறேன், அதனால அத விடுறேன்.

ஓட ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆனதும் மூணு ஃபேஸ்லயும் ஆம்ஸ், மாடி ஐசொலேட்டர்ல வோல்டேஜ், ரெண்டையும் டிபி கதவுக்கு உள்பக்கம் தேதியோட எழுதி ஒட்டச் சொல்லுங்க. அடுத்த வருஷம் கூலிங் இல்லன்னு வர்ற ஆளுக்கு அந்தத் துண்டுச் சீட்டு பாதி வேலைய முடிச்சுக் குடுக்கும். டெம்பரேச்சர் கன் இருந்தா ஒவ்வொரு லக்கையும் அடிச்சுப் பாருங்க, மூணுல ஒண்ணு மட்டும் மத்ததவிட 10, 15 டிகிரி ஜாஸ்தி காட்டினா அதத் திரும்பப் பிரிச்சு மாட்டித்தான் ஆகணும், அன்னைக்கே.

நேம்பிளேட்ட ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கண்ணே, கம்ப்ரஸர் ஒண்ணா ரெண்டான்னு தெரியணும். ரெண்டா இருந்தா எல்ஆர்ஏ பாதிதான் வரும், அந்த டைமர் கணக்க மாத்திச் சொல்றேன்.